போலீட்: ‘புழற்காளான்’ என்றால் பொருந்துமா?

சந்தையில் வாங்கும் மொட்டுக் காளானைக் கவிழ்த்தால் தொப்பியின் அடியில் விசிறி மடிப்புப் போலத் தகடுகள் தெரியும். ஆங்கிலத்தில் ‘போலீட்’ (bolete) எனப்படும் காளான் வகையில் அந்தத் தகடுகள் இரா. பஞ்சு போல நுண்துளைகள்தான். ஒவ்வொரு துளையும் ஒரு மெல்லிய குழாயின் வாய். காளானின் வித்துகள் (spores) விளைவது அந்தக் குழாய்களுக்குள்.

மூலச்சொல் கிரேக்கத்து ‘போலிட்டெஸ்’. மண்ணாங்கட்டியைக் குறிக்கும் ‘போலோஸ்’ அதன் வேராகலாம் என்பர். இலத்தீனில் அது ‘போலீட்டஸ்’ ஆயிற்று. ஆனால் ரோமர்கள் அப்பெயரால் விரும்பி உண்டது செம்மஞ்சள் தொப்பியும் தகடுகளும் கொண்ட சீசர் காளானை. 1753-இல் சுவீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் அதே பெயரைத் துளையுள்ள காளான்களுக்குச் சூட்டினார். 1782-இல் பிரெஞ்சு அறிஞர் புல்லியார் அவற்றில் ஒன்றுக்கு ‘போலீட்டஸ் எடுலிஸ்’ எனப் பெயரிட்டார். எடுலிஸ் என்றால் உண்ணத்தக்கது.

பெயர் இப்படி இடம் மாறும் என்பதால்தான், எந்தப் பெயர் எந்தக் காளானுக்கு என்று காட்ட உலர்மாதிரி (உலர்த்திப் பாதுகாத்த காளான்) வேண்டியிருக்கிறது. இலையைப் போலக் காளானைத் தாளில் அழுத்தி ஒட்ட முடியாது. நறுக்கி, இளஞ்சூட்டில் காயவைத்துக் காகித உறையில் இடுவார்கள். காய்ந்ததும் நிறமும் மணமும் மாறிவிடும். அதனால் பறித்த அன்றே குறிப்பு எழுதிவிட வேண்டும்: இடம், நாள், எந்த மரத்தடி, வெட்டினால் சதை நீலமாகிறதா, வித்துத்தூளின் நிறம் என்ன. மரத்தின் பெயர் மிக முக்கியம். போலீட்டுகளில் பெரும்பாலானவை மர வேர்களோடு கூட்டுவாழ்வு நடத்துபவை.

இந்த உறைகள் இருக்கும் இடத்தை ‘உலர்தாவரகம்’ (herbarium) என்பது எனக்கு உறுத்துகிறது. காளான் தாவரமே அல்லவே! லண்டன் கியூ தோட்டத்தில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் கொண்ட தொகுப்புக்கு ‘ஃபங்கேரியம்’ என்றே தனிப்பெயர். நாமும் ‘உலர்பூஞ்சையகம்’ எனலாம்.

போலீட்டுக்கு? சங்கத்தமிழில் காளானுக்கு ‘ஆம்பி’ என்று பெயர். புறநானூற்றில் சமையல் மறந்த அடுப்பில் ஆம்பி பூக்கிறது. சிறுபாணாற்றுப்படையிலோ ‘புழற்காளாம்பி’ என்றே வருகிறது. புழல் என்றதும் நமக்கு ஏரி நினைவுக்கு வரும். இங்கே அது உள்துளையைக் குறிக்கும் சொல். புலவர் சொன்னது கறையான் அரித்த பழஞ்சுவரில் முளைத்த காளானை, போலீட்டை அல்ல. ஆனாலும் அடியெல்லாம் குழாயாக இருக்கும் காளானுக்கு இதைவிடப் பொருத்தமான அடைமொழி எனக்குத் தெரியவில்லை. ‘புழற்காளான்’ என்றே எழுதத் தொடங்கிவிட்டேன். மரத்தில் அடுக்காக ஒட்டி வளரும் கட்டைக் காளான்களுக்கும் அடியில் துளைகள் உண்டு. அவற்றை இதில் சேர்க்கக் கூடாது. மென்சதையும் காம்பும் உடையவற்றுக்கு மட்டுமே இந்தப் பெயர்.