எரிவது பொய்யல்ல: சர்க்கரை நோய், நெஞ்செரிச்சல், மனப்பதற்றம்

"பத்து வருஷமாகச் சர்க்கரை. தினமும் நெஞ்செரிச்சல். எண்டோஸ்கோப்பியில் ஒன்றுமில்லையாம், எல்லாம் டென்ஷன்தானாம். அப்படியென்றால் எனக்கு எரிவது கற்பனையா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

கற்பனை இல்லை. எரிச்சல் பிறக்கும் இடம் மனம் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. மனப்பதற்றம் உணவுக்குழாயின் சுவரையே மாற்றக்கூடும்.

உணவுக்குழாயின் உட்புறம் செல்கள் பல அடுக்காக நெருங்கிப் பூட்டிக்கொண்டு நிற்கின்றன. உணர்நரம்பு நுனிகள் அவற்றுக்குக் கீழே இருக்கின்றன. சாதாரணமாக மேலேறி வரும் அமிலம் மேற்பரப்பைத் தொட்டுவிட்டு இறங்கிவிடும், நரம்புக்குச் சேதி போகாது. எலிகளைக் கடும் மன உளைச்சலுக்கு ஆளாக்கிப் பார்த்தபோது இந்தச் செல்களுக்கு இடையிலான இடைவெளி அகன்றது, சுவரின் ஊடுருவும் தன்மையும் கூடியது. அகன்ற இடுக்கு வழியே அமிலம் கசிந்தால், கீழே காத்திருப்பது மிளகாயின் காரத்தை உணரும் அதே ஏற்பி. பிறகு மூளையின் பங்கு. 'இன்றும் எரியுமோ' என்று நெஞ்சையே கவனித்துக்கொண்டிருப்பவருக்குச் சிறிய சேதியும் பெரிதாகக் கேட்கும். அமிலம் அதே அளவுதான், வலி மட்டும் இரண்டு இடங்களில் பெருகிவிடுகிறது. எண்டோஸ்கோப்பியின் கண்ணுக்கு இந்த இடுக்குகள் தெரியாது. அதனால்தான் "ஒன்றுமில்லை" என்ற பதிலை நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்வது எனக்கு அறிவியலாகப் படவில்லை.

சர்க்கரை நோய் இங்கே ஒரு சுழலை உண்டாக்குகிறது. பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலினும் கார்டிசாலும் ரத்தச் சர்க்கரையை ஏற்றுகின்றன. ஏறிய சர்க்கரை இரைப்பை காலியாவதைத் தாமதமாக்கும். உப்பி நிற்கும் இரைப்பை, மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக, உணவுக்குழாயின் அடியிலுள்ள சுருக்குத்தசையை நேரங்கெட்ட நேரத்தில் தளரச் செய்யும். அமிலம் மேலே வரும், எரியும், தூக்கம் கெடும், மறுநாள் சர்க்கரை இன்னும் ஏறும். சர்க்கரைக்கான சில ஊசிமருந்துகளும் இரைப்பையை மெதுவாக்குபவைதான். புதிதாகத் தொடங்கியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எது எவ்வளவு என்பதை 24 மணி நேர அமில அளவி காட்டும். உணவுக்குழாயில் pH அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) 4-க்குக் கீழே இருக்கும் நேரம் 6 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது சுமார் 86 நிமிடங்களுக்கு மேல் போனால், அமிலம் மிகுதி என்று கொள்ளலாம். 4 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தும் எரிந்தால் நரம்பின் கூருணர்வைச் சந்தேகிக்க வேண்டும். அவர்களுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை.

அமிலம் உள்ளவர்களிலும் பலர் ஒமெப்ரசோல் வகை மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்கிறார்கள். உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன்பு போட்டால்தான் முழுப்பலன்.

சாப்பிட்டபின் உதரவிதான மூச்சும், அதாவது மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள தசைத்தடுப்பால் இழுக்கும் மூச்சும், உதவும். நிமிர்ந்து உட்கார்ந்து, வயிற்றில் கைவைத்து, மார்பு அசையாமல் வயிறு மட்டும் எழும்படி 4 விநாடி இழுத்து 6 விநாடி விடுங்கள், 10 நிமிடம். உதரவிதானத்தின் தசை இழைகள் உணவுக்குழாய் அடியிலுள்ள அந்தச் சுருக்குத்தசையைச் சுற்றிப் பிடித்திருப்பதால் வாசல் இறுகும், பதற்றமும் தணியும். இதைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. விற்க ஒரு மாத்திரை இல்லாத சிகிச்சைக்கும் பொது நிதி வர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நாள்பட்ட சர்க்கரையில் நரம்பு மரத்தும் போகலாம், அப்போது புண் இருந்தும் எரியாது. விழுங்கச் சிரமம், கறுத்த மலம், காரணமற்ற எடைக்குறைவு இருந்தால் எரிச்சலுக்காகக் காத்திருக்காமல் எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும். மாரடைப்பின் வலியும் இதேபோல மங்கும். வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்த புதிய நெஞ்செரிச்சலுக்கு முதலில் ஈசிஜிதான்.