பயிர்க்கடன் கேட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும் முன்

தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தரும் பயிர்க்கடனுக்கு 3 லட்சம் ரூபாய் வரை வட்டி 7 சதவீதம். தவணைத் தேதிக்குள் கட்டினால் வட்டியை அரசே ஏற்கும். அசலை மட்டும் கட்டினால் போதும். ஏக்கருக்கு எவ்வளவு என்பதைப் பயிர்வாரியாக மாவட்டத் தொழில்நுட்பக் குழு முடிவு செய்யும். ஒரு பகுதி பணமாகவும் ஒரு பகுதி உரமாகவும் வரும். திட்டம் இவ்வளவுதான். நல்ல திட்டம். ஆனால் உரியவர் கைக்கு அது போய்ச் சேருவதற்குள் என்னென்ன நடக்கிறது என்பதுதான் விஷயம்.

உறுப்பினர் அல்லாதவருக்குக் கடன் கிடையாது. நாற்று விட்ட பிறகு போய் நின்றால் "இப்போ சேர்க்கை இல்லை, அடுத்த மாசம் வாங்க" என்பார்கள். எனவே சித்திரை, வைகாசியிலேயே சேர்ந்துவிடுங்கள். விண்ணப்பத்தின் நகலில் முத்திரையும் தேதியும் கேளுங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாயால் சொன்ன "இல்லை"யை எதிர்த்து எந்த அதிகாரியிடமும் முறையிட முடியாது. காகிதம் இருந்தால் கூட்டுறவுத் துறையின் சரகத் துணைப் பதிவாளரிடம் போகலாம். உறுப்பினராகச் சேரும்போது கட்டும் பங்குத் தொகைக்கும் ரசீது வேண்டும். அது உங்கள் பணம், கடனுக்கான கட்டணம் அல்ல.

அதிகம் அலைய விடுவது அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) எழுதித் தரும் சான்று. வருவாய்த் துறைக் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. ஜூனில் வாங்கிய அடங்கலை ஜூலையில் நீட்டினால் பழையது என்று திருப்பிவிடுவார்கள். விதைக்காமல் பயிரை எழுத முடியாது என்பார் வி.ஏ.ஓ.; அடங்கல் இல்லாமல் கடன் இல்லை என்பார் சங்கச் செயலாளர். இரண்டு பேருக்கும் நடுவில் பருவம் போய்விடும். இன்ன சர்வே எண்ணில் இன்ன பயிர் வைக்கப் போகிறார் என்று வி.ஏ.ஓ. எழுதிக் கொடுத்தால் ஏற்பீர்களா என்று செயலாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பட்டா இறந்துபோன அப்பா பேரில் இருந்தால் வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றும் வேலையைக் கோடையிலேயே தொடங்குங்கள். கூட்டுப் பட்டா என்றால் மற்றப் பங்காளிகளின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். குத்தகைக்காரர் நிலைதான் கொடுமை. உழுகிறவர் ஒருவர், கடன் போவது நில உடைமையாளருக்கு. வாய்மொழிக் குத்தகையை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது; எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். கோயில் நிலமானால் குத்தகை ரசீது உங்கள் பேரில் இருக்க வேண்டும்.

"பயிர்க்கடனுக்கு ஒதுக்கீடு முடிஞ்சிருச்சு, நகையை வச்சு வாங்கிக்குங்க" என்று சொன்னால் நில்லுங்கள். பொது நகைக்கடனுக்கு இந்த வட்டிச் சலுகை கிடையாது. ரசீதில் பயிர்க்கடன் என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். வராத உரத்துக்கும் வேண்டாம். கையெழுத்துப் போட்ட அன்றே அது உங்கள் கடன். யூரியாவோடு வேறு பொருளையும் தலையில் கட்டினால், தேவையில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

தவணைத் தேதி பயிருக்குப் பயிர் மாறும். அதைப் பாஸ்புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். ஒரு நாள் தவறினாலும் வட்டிச் சலுகை போய்விடும். "கட்டிட்டு வாங்க, மறுநாளே புதுசு போட்டுத் தர்றோம்" என்பதை நம்பிக் கந்து வட்டிக்கு வாங்கிக் கட்டியவர்கள் எத்தனையோ பேர். பிறகு புதுக்கடனுக்கு மாதக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். கட்டுவதற்கு முன்பே புதுக்கடனுக்கான தாள்களை ஒப்படைத்துவிடுங்கள்.

பயிர்க் காப்பீடு 2020 முதல் கடன்தாரருக்கும் கட்டாயமில்லை. வேண்டாமென்றால் காப்பீட்டில் சேருவதற்கான கடைசித் தேதிக்கு 7 நாள் முன்பு எழுதிக் கொடுக்க வேண்டும். சம்பா நெல்லுக்குப் பிரீமியம் 1.5 சதவீதம்தான், எடுத்துக்கொள்வது நல்லது. பிடித்த பணத்துக்கு ரசீது வாங்கி, கிராமம், சர்வே எண், பயிர் மூன்றும் சரியா என்று அன்றே பாருங்கள். இழப்பீடு வராமல் போவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று பிசகியதால்தான்.

கணக்கில் சந்தேகம் இருந்தால் தகவல் உரிமை மனுவைச் சங்கத்துக்குப் போடாதீர்கள். கூட்டுறவுச் சங்கம் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் பதிவாளர் அலுவலகம் சட்டத்துக்குள் வரும். 10 ரூபாய் கட்டணத்தோடு சரகத் துணைப் பதிவாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: உங்கள் பேரில் உள்ள கடன்கள், கொடுத்த தேதி, பணமாக எவ்வளவு, உரமாக எவ்வளவு. அதோடு ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.