கோப்புப்பூட்டும் பூட்டுக்கோப்பும்

ஒரே கோப்பை இரண்டு நிரல்கள் ஒரே வேளையில் திருத்திச் சிதைத்துவிடாதபடி, ஒன்று எழுதி முடிக்கும் வரை மற்றொன்றைக் காத்திருக்க வைக்கும் ஏற்பாடே கோப்புப்பூட்டு. பேச்சு வழக்கில் ‘ஃபைல் லாக்’. தாள்களை நூலில் கோத்து வைத்த பழக்கத்தால், நூலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான ‘ஃபீலும்’ என்பதிலிருந்து ‘ஃபைல்’ வந்தது. ‘கோ’ என்னும் வினையடியாகப் பிறந்த ‘கோப்பு’ம் அதே பொருளுடையது. ‘பூட்டு’ என்பது ‘பூண்’ என்பதன் பிறவினை. ஏர் பூட்டுதல், நாண் பூட்டுதல் என்பவற்றில் பிணைத்தலையே அது குறிக்கிறது.

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் இந்தப் பூட்டு, கேட்டுப் பெறும் நிரல்களை மட்டுமே கட்டுப்படுத்தும். கேட்காமல் நேரே எழுதும் நிரலை அது தடுக்காது. இதை ‘அறிவுரைப் பூட்டு’ என்பதைவிட ‘இசைவுப் பூட்டு’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து, ஏனெனில் எல்லா நிரல்களும் இசைந்தால்தான் அது செயல்படும். கேட்காத நிரலையும் தடுக்கும் ‘கட்டாயப் பூட்டு’ லினக்ஸின் 5.15 பதிப்பில் (2021) நீக்கப்பட்டது.

ஒரு கணினியிலுள்ள கோப்புகளைப் பல கணினிகள் வலையம் வழியே பயன்படுத்த உதவும் என்.எஃப்.எஸ். போன்ற வலையக் கோப்பு முறைமைகளில் எந்தப் பூட்டைத் தேர்வது என்பதில் மிகுந்த கவனம் தேவை. 1983இல் 4.2 பி.எஸ்.டி. என்னும் யூனிக்ஸ் பதிப்புடன் வந்த, இயங்குதளத்திடம் பூட்டுக் கேட்கும் ‘எஃப்லாக்’ அழைப்பு, லினக்ஸ் 2.6.12க்கு முன்பு அந்தந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லுபடியானதால், இரண்டு கணினிகள் ஒரே பூட்டைத் தத்தமக்குக் கிடைத்ததாகக் கருதிக்கொண்டு எழுத முடிந்தது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் ‘எஃப்சிஎன்டிஎல்’ பூட்டு, கோப்புகளை வைத்திருக்கும் கணினியான வழங்கி வரை செல்லும். என்.எஃப்.எஸ். மூன்றாம் பதிப்பில் அதற்குத் தனி நெறிமுறை இருந்தது, நான்காம் பதிப்பில் அது என்.எஃப்.எஸ்.ஸுக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஆனால் எஃப்சிஎன்டிஎல் பூட்டில் ஒரு கொடிய குறை உண்டு: நிரல் பயன்படுத்தும் ஏதோவொரு நிரல்நூலகம் அதே கோப்பை வாசிப்பதற்காகத் திறந்து மூடினாலும், அந்த நிரல் அக்கோப்பின்மேல் வைத்திருந்த பூட்டுகள் அனைத்தும் ஓசையின்றி அவிழ்ந்துவிடும்.

பூட்டுக்கோப்பு என்பது வேறு; அங்கே ஒரு தனிக் கோப்பு இருப்பதே பூட்டு. ‘இல்லையெனில் உருவாக்கு’ என்னும் ஒரே கட்டளையை என்.எஃப்.எஸ். இரண்டாம் பதிப்பில் நம்ப முடியாது. ஆகவே கணினியின் பெயரும், ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் செயல்முறை எண்ணும் கொண்ட தனிப்பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி, அதற்கே பூட்டுக்கோப்பின் பெயரையும் இரண்டாம் பெயராக இணைத்து, பின்னர் அதன் இணைப்பு எண்ணிக்கை, அதாவது அக்கோப்புக்குரிய பெயர்களின் எண்ணிக்கை, 2 ஆகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஏனெனில் வழங்கியின் மறுமொழி வழியில் தொலைந்தால், இணைப்பு உண்மையில் நடந்திருந்தும் ‘தோல்வி’ என்றே செய்தி வரக்கூடும். நிரல் இடையில் இறந்தால் இக்கோப்பு அப்படியே கிடக்கும். அதை அகற்றவும் வழி வகுத்திருக்க வேண்டும்.

கணினிகள் அனைத்திலும் என்.எஃப்.எஸ். நான்காம் பதிப்பு இருந்தால், எஃப்சிஎன்டிஎல் பூட்டையே தேர்வேன். ஆனால் கோப்பை ஏற்கெனவே கையாளும் நிரல்களின் முறையே முதன்மையானது. மின்னஞ்சற்பெட்டிக் கோப்புகளுக்கு, லினக்ஸ் வெளியீடுகளுள் ஒன்றான டெபியன் இரண்டையும் கேட்கிறது: முதலில் எஃப்சிஎன்டிஎல், பிறகு பூட்டுக்கோப்பு. வரிசையை மாற்றிய நிரல் ஒன்று நுழைந்தால், ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டும் நகராமல் நின்றுவிடக்கூடும்.