பிள்ளையை இழந்த பின்னும் அதே வார்டுக்குத் திரும்பி வருபவர்கள்

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் மருத்துவ சமூகப் பணியாளராக வேலை பார்க்கிறேன். காப்பீட்டு அட்டை, தங்க இடம், பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டிய கடிதம் என்று நாள் முழுக்கக் குடும்பங்களோடு புழங்கும் வேலை. எங்கள் வார்டுக்கு வாரம் தவறாமல் உதவ வருகிறவர்களில் சிலர், ஒரு காலத்தில் இதே வார்டில் தங்கள் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். பிள்ளை பிழைக்கவில்லை. பிறகு அந்தப் பிள்ளையின் பெயரில் ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்துகொண்டு திரும்பி வந்தார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. யாருடைய அடையாளமும் தெரிய வேண்டாம் என்பதால் பல குடும்பங்களில் பார்த்ததைக் கலந்து சொல்கிறேன்.

"நல்ல காரியம் பண்றீங்க, மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்று எல்லாரும் இவர்களிடம் சொல்வார்கள். ஆறுதல் உண்டுதான். பிள்ளையின் பெயரை எடுத்தாலே உறவுக்காரர்கள் பேச்சை மாற்றிவிடும் ஊரில், அந்தப் பெயரைத் தினமும் வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம் கிடைக்கிறது. ஆனால் அவர்களுடைய ஒரு நாளைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: இழப்பிலிருந்து கொஞ்ச நேரம் தள்ளி நிற்க அவர்களுக்கு இடமே கிடையாது.

துயரத்தைப் பற்றி ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் இருவரும் 1999-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். இழந்தவர் ஒரு நேரம் இழப்புக்குள் இருப்பார்: அழுவார், போட்டோவைப் பார்ப்பார். இன்னொரு நேரம் அதை விட்டு வெளியே வந்து சமைப்பார், ஆபீஸ் போவார், கரண்ட் பில் கட்டுவார். இரண்டுக்கும் மாறி மாறிப் போய்வருவதுதான் இயல்பு. அதில்தான் மனம் மெல்ல மெல்லத் தேறும் என்றார்கள். பிள்ளையை இழந்த ஒரு வங்கி ஊழியருக்குக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் நேரமாவது வேறு உலகம். அறக்கட்டளை நடத்துபவருக்கு ஆபீஸே அந்த வார்டுதான். வேலைக்குப் போனாலும் இழப்பு, வீட்டுக்கு வந்தாலும் இழப்பு.

காலையில் முதல் போன் பெரும்பாலும் ரத்தத் தட்டணுவுக்காக (பிளேட்லெட்) வரும். தட்டணுக்களை 5 நாளைக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால் ஒவ்வொரு முறையும் கொடுப்பதற்குப் புதிதாக ஆள் தேட வேண்டும். இயந்திரத்தின் மூலம் எடுப்பதற்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும்; வேலையை விட்டுவிட்டு வர மனசு வேண்டும். ஓர் அப்பாவின் கைபேசியைப் பார்த்திருக்கிறேன். தொடர்புப் பட்டியலில் ஆட்களின் பெயரே இல்லை. "ஏ பாசிட்டிவ் தாம்பரம் ஐடி", "ஓ நெகடிவ் பெரம்பூர் காலேஜ்" என்றுதான் இருக்கும். தன் மகனுக்காக அலைந்த நாட்களில் சேர்த்த எண்கள் அவை. இன்று வேறு பிள்ளைகளுக்காக அதே எண்களை அழைக்கிறார். எதிர்முனையில் இருப்பவர், "தம்பி இப்ப எப்படி இருக்கான் சார்?" என்று விசாரிப்பார். தகவல் தெரியாதவர்கள் இன்னும் நிறையப் பேர்.

அப்புறம் மருத்துவமனை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழ் இல்லாமல் வந்திருக்கும் குடும்பத்துக்கு யாரைப் பார்க்க வேண்டும், என்ன எழுத வேண்டும் என்று சொல்லித்தர வேண்டும். சிகிச்சைக்காக ரயிலில் வரும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் கிடையாது, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதச் சலுகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இதையெல்லாம் எங்களைவிட இவர்கள் வேகமாக முடித்துத் தருவார்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் நின்று பார்த்தவர்கள் அல்லவா.

கனமான விஷயம் இரவில் வரும். கீமோ எடுக்கும் பிள்ளைக்கு வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் அது அவசரம். பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. உடனே கிளம்பி வந்து நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் போட்டாக வேண்டும். நம் நாட்டில் சிகிச்சையின் நடுவில் இறக்கும் பிள்ளைகளில் பலர் புற்றுநோயால் போவதில்லை, கிருமித்தொற்றால் போகிறார்கள். அறக்கட்டளை நடத்தும் தங்கும் விடுதியிலிருந்து நள்ளிரவில், "அக்கா, பாப்பாவுக்கு ஜுரம் 101 காட்டுது" என்று ஒரு தாய் அழைக்கிறார். போனை எடுப்பவரின் மகளும் அப்படி ஒரு காய்ச்சலில்தான் போனாள். நிதானமான குரலில், "ஃபைலை எடுத்துக்கோம்மா, ஆட்டோ வருது, வார்டுக்கு நான் சொல்லிடறேன்" என்பார். அந்தக் குழந்தைக்கு ஊசி போட்டுச் சரியாகிவிடும். போனை வைத்தவர் விடியும்வரை தூங்க மாட்டார். மறுநாள் அதைப் பற்றி யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இரவுப் போனை இவர்கள் எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இதைச் சம்பளத்துக்கு ஒருவரை வைத்தோ தன்னார்வலர்களை முறைவைத்து மாற்றியோ செய்ய வேண்டும். நன்கொடை தருபவர்கள், "எங்க காசு முழுக்கப் பிள்ளைகளுக்குத்தான் போகணும், சம்பளத்துக்குப் போகக் கூடாது" என்று நிபந்தனை போடுவார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அந்த நிபந்தனையின் விலையை நிறுவனரின் தூக்கத்திலிருந்து எடுக்கிறோம்.

இன்னொரு தருணம் புதிதாக நோய் தெரிந்த குடும்பத்தோடு பேசும் நேரம். ரத்தப் புற்றுநோய் என்று கேட்டு இரண்டு நாள்கூட ஆகாத அப்பா, உதவ வந்தவரைப் பார்த்து நம்பிக்கையோடு கேட்பார்: "உங்க பையன் இப்ப நல்லா இருக்கானா சார்?" பொய் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் எதிரே இருப்பவரின் முகம் என்ன ஆகும் என்பதும் தெரியும். இந்தக் கேள்விக்கு அவரை நிறுத்துவது எங்களைப் போன்ற மருத்துவமனைக்காரர்களின் கவனக்குறைவு. முதல் சில வாரங்களுக்குச் சிகிச்சை முடித்து நன்றாக இருக்கும் பிள்ளையின் பெற்றோரை அனுப்பலாம். புதிய குடும்பத்துக்கும் அதுதான் தேவை: பிள்ளைகளுக்கு அதிகம் வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீளும், நடுவில் விட்டுவிடாமல் தாக்குப்பிடிக்க, கரையேறியவர்களைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிள்ளையை இழந்தவரின் அனுபவம் தேவைப்படும் குடும்பங்களும் உண்டு. நோய் திரும்பி வந்து, இனி வலியைக் குறைப்பதுதான் சிகிச்சை என்று மருத்துவர் சொல்லிவிட்ட வீடுகளில் அவர் அளவுக்கு யாராலும் பக்கத்தில் உட்கார முடியாது. அதுவும் அவர் சம்மதித்தால் மட்டும்.

மேடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிப்ரவரி 15 உலகக் குழந்தைப் புற்றுநோய் தினம். செப்டம்பர் முழுக்க விழிப்புணர்வு மாதம். அந்த நாட்களில் இவர்களுக்கு அழைப்பு மேல் அழைப்பு. காரணமில்லாமல் நீடிக்கும் காய்ச்சல், வெளிறிப்போவது, அடிபடாமலே உடம்பில் நீலமாகக் கன்றிப்போவது, இரவில் எழுப்பும் கால்வலி, வயிற்றில் கட்டி, போட்டோவில் கருவிழி நடுவே வெள்ளையாகத் தெரிவது, காலையில் தலைவலியோடு வாந்தி. இவற்றைக் கவனியுங்கள் என்று ஒரு தாய் மைக்கில் சொல்லும்போது, தான் கவனித்தும் சாதாரணக் காய்ச்சல், வளர்ச்சி வலி என்று திருப்பி அனுப்பப்பட்ட நாட்களை நினைத்துக்கொண்டுதான் சொல்கிறார். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் பிள்ளைகளுக்கு இந்த நோய் வருகிறது. பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள், பல ஏழை நாடுகளில் 30 சதவீதம்கூடத் தேறுவதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2030-க்குள் உலகம் முழுக்கக் குறைந்தது 60 சதவீதம் பிள்ளைகளைப் பிழைக்க வைக்க வேண்டும் என்று 2018-இல் இலக்கு வைத்தார்கள். அந்த எண்களுக்குள் தன் பிள்ளை எந்தப் பக்கம் என்பதை ஒவ்வொரு முறையும் அந்தத் தாய் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் அறிகுறிகள் யாருக்கும் சாதாரணமாகத்தான் தெரியும், குற்றம் பெற்றோருடையது இல்லை என்பதை மருத்துவர்கள் அவரிடம் நேரடியாகச் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை பலரிடம் அதை யாருமே சொன்னதில்லை.

வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கும். "எல்லா பேனர்லயும் அண்ணன் போட்டோதான் இருக்கு" என்று ஒரு தங்கை என்னிடம் சொன்னாள். புகார் மாதிரிகூடச் சொல்லவில்லை. அவளுடைய பிறந்தநாள் அன்றும் விடுதியில் அன்னதானம்தான் நடந்திருக்கிறது. கணவன் மனைவிக்குள்ளும் இது வரும். ஒருவர் அறக்கட்டளையில் முழுசாக இறங்கிவிட, இன்னொருவருக்கு அந்த மருத்துவமனைத் தெருவைக் கடக்கக்கூட முடியாது. இரண்டும் துயரம்தான். வராதவருக்குப் பாசம் குறைவு என்று உறவினர்கள் பேசுவதைக் கேட்டு மனம் நொந்திருக்கிறேன்.

16-ஆம் நாள் காரியத்திலேயே அறக்கட்டளையை அறிவிப்பவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் நான் சொல்வேன். முதல் ஆண்டில் ஏற்கெனவே நடக்கும் ஓர் அமைப்பில் சேர்ந்து வேலை செய்யுங்கள். முடியாத நாளில் வராமல் இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். சொந்த அறக்கட்டளை என்றால் வருமான வரிச் சலுகைக்கான பதிவுகள், தணிக்கை, ரசீது எல்லாம் துக்கம் பார்த்து நிற்காது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து நீண்ட காலம் கழித்துத்தான், 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். தாமதமாகத் தொடங்கியதால் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

ஏற்கெனவே நடத்திக்கொண்டிருப்பவர்கள், புற்றுநோய்ச் சம்பந்தமே இல்லாத ஒரு வேலையை வாரத்தில் சில மணி நேரமாவது கட்டாயமாக வைத்துக்கொள்ளுங்கள். தையல், தோட்டம், டியூஷன், எதுவாகவும் இருக்கட்டும். வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போட இன்னொருவர் இருக்கட்டும். நினைவு நாள் வரும் வாரத்தில் உங்கள் போன் அவரிடம் இருக்கட்டும். ஆண்டு கடந்தும் தூக்கம், சாப்பாடு சரியாகவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, இறந்த பிள்ளையிடமே போய்விடலாம் என்று தோன்றுகிறது என்றால் உதவி கேட்டே ஆக வேண்டும். போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால் ஆண்டுக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே கேளுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கோ தமிழக அரசின் 104-க்கோ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

வரும் பிப்ரவரியில் இப்படி ஒருவரைப் பேச அழைக்கப் போகிறீர்கள் என்றால், மகனைப் பற்றிப் பேச விருப்பமா, அமைப்பின் வேலையை மட்டும் பேசினால் போதுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். "இந்தத் தடவை வேற ஒருத்தரை அனுப்புறேன்" என்றால் காரணம் கேட்காமல் சரி என்று சொல்லி, வருகிறவரின் பெயரை அழைப்பிதழில் போட்டுவிடுங்கள்.