மாற்றியாச்சு என்று கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

பழைய கல்யாணக் கேசட்டுகளை டிஜிட்டலுக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். போன வாரம் ஒரு பெண் பென் டிரைவோடு வந்தார். அவருடைய அம்மாவின் கல்யாணம், 1993இல் எடுத்தது. எங்கேயோ கொடுத்து 4கே-வாக மாற்றி வாங்கியிருக்கிறார். ஓட விட்டுப் பார்த்தேன். எல்லார் முகமும் உப்பிப்போய் அகலமாக இருந்தது. தாலி கட்டுகிற கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள்.

"கேசட் இருக்காம்மா?"

"மாத்தியாச்சேன்னு பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுட்டோம் அண்ணா."

இந்தப் பதிலை இன்னும் எத்தனை பேரிடம் கேட்க வேண்டுமோ.

4கே என்றால் தெளிவு என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கேசட்டிலிருந்து எடுக்கும் ஒரு ஃப்ரேம் 720×576. அதாவது 4,14,720 புள்ளிகள். 4கே-வுக்கு 82,94,400 வேண்டும். சரியாக 20 மடங்கு. 20 புள்ளியில் 19, மென்பொருள் அக்கம்பக்கம் பார்த்து இட்டு நிரப்பியவை. இந்தக் கல்யாணக் கேசட்டுகளில் இருக்கும் வி.எச்.எஸ். நாடாவில் அந்த 720 அளவுக்கே நுணுக்கம் கிடையாது. தாத்தா முகத்தில் அன்றைக்குப் பதியாத சுருக்கத்தை இன்றைக்கு ஏஐ வரைந்து தரலாம். ஆனால் அது தாத்தாவின் சுருக்கம் இல்லை. கடைக்கு வந்ததும் "எத்தனை கே தருவீங்க?" என்று கேட்காதீர்கள். "எப்படி மாத்துவீங்க?" என்று கேளுங்கள்.

முகம் உப்பியதைச் சரிசெய்துவிடலாம். 4:3 படத்தை 16:9 திரைக்கு இழுத்திருக்கிறார்கள், திரும்பச் சுருக்கினால் போதும். சீப்புக் கோடுதான் கொடுமை. கேசட்டில் ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு பாதி: ஒற்றைப்படை வரிகள் ஒரு கணம், இரட்டைப்படை வரிகள் 1/50 நொடி கழித்து. முதலில் டீஇன்டர்லேஸ் செய்து இவற்றைப் பிரித்துவிட்டு, அப்புறம்தான் அளவை மாற்ற வேண்டும். பிரிக்காமல் பெரிதாக்கினால் இரண்டு கணமும் ஒன்றோடொன்று குழைந்துவிடும். பிறகு யாராலும் சுத்தமாகப் பிரிக்க முடியாது.

நீங்களே மாற்றுவதாக இருந்தால், ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் டீஇன்டர்லேஸ் வையுங்கள். அதில் பாப் (Bob) என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் நொடிக்கு 50 ஃப்ரேம் வரும், அசைவு வழுக்கிக்கொண்டு ஓடும். பெரிதாக்கியே ஆக வேண்டுமென்றால் 1440×1080 போதும். இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கட்டும், அது குறையே இல்லை. தரத்துக்கு அதே மென்பொருளில் ஆர்எஃப் (RF) என்ற அளவை 18 வைக்கலாம். மாற்றியதையே மறுபடி மறுபடி மாற்றாதீர்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். உறவுக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

கடையில் கொடுத்தால், கேசட்டிலிருந்து முதலில் பதிவான கோப்பையும் கேட்டு வாங்குங்கள். டிவி (DV) என்ற டிஜிட்டல் வீடியோ வடிவத்தில் மணிக்குச் சுமார் 13 ஜிபி வரும், மூன்று மணி நேரக் கேசட்டுக்கு 40 ஜிபி. "அவ்வளவு எதுக்கு?" என்று கடைக்காரரே சொன்னாலும் விடாதீர்கள். கேசட் வைத்திருப்பவர்கள் நாளைக்கு என்று தள்ளவும் வேண்டாம். கடைசியாக, கேசட் ஓட்டும் வி.சி.ஆர். கருவியைச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபூனாய் 2016 ஜூலையிலேயே நிறுத்திவிட்டது. நாங்கள் பழைய டெக்குகளைப் பழுது பார்த்துத்தான் ஓட்டுகிறோம்.

அந்தப் பெண்ணின் கோப்பில் முகங்களை மட்டும் சரிசெய்து கொடுத்தேன். அந்தக் காலத்தில் வீடியோக்காரர்கள் இரண்டு வீட்டுக்கும் காப்பி போட்டுக் கொடுப்பது உண்டு. அத்தை வீட்டுப் பரணில் தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பூஞ்சை பிடித்திருந்தாலும் ஓட்டிப் பார்க்காமல் அப்படியே எடுத்துவரச் சொன்னேன்.