பூங்காவில் சோறு போட்டால் சம்மன்: அமெரிக்க நகரச் சட்டங்களும் அவற்றை எதிர்க்கும் வழிகளும்

2014 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் நகரப் பூங்கா ஒன்றில் வீடில்லாதவர்களுக்கு உணவு பரிமாறிக்கொண்டிருந்தார் ஆர்னால்ட் அபோட். வயது 90. சில தட்டுகள் போயிருக்கும், அதற்குள் போலீஸ் வந்து நிறுத்திவிட்டது. அவர் மீதும் கூட இருந்த இரண்டு பாதிரியார்கள் மீதும் வழக்கு. அதிகபட்சத் தண்டனை 60 நாள் சிறை, 500 டாலர் அபராதம். அடுத்த புதன்கிழமையே கடற்கரைக்குப் போய் மறுபடி பரிமாறினார், மறுபடி சம்மன் வாங்கினார்.

சோறு போடுவதற்கு எப்படி வழக்கு போட முடியும் என்று நமக்குத் தோன்றும். அந்தச் சட்டங்களை எடுத்துப் படித்தால்தான் சூட்சுமம் புரியும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்த நகரச் சட்டங்களுக்கு அங்கே ஆர்டினன்ஸ் என்று பெயர். ஆர்டினன்ஸ் என்றால் நம் ஊரில் ஆளுநரோ குடியரசுத் தலைவரோ பிறப்பிக்கும் அவசரச் சட்டம். அமெரிக்காவில் அது நகர மன்றம் வாக்கெடுத்து நிறைவேற்றும் உள்ளூர்ச் சட்டம். அதனால் ஊருக்கு ஊர் விதி மாறும். ஒரு நகரத்தில் குற்றமாக இருப்பது பக்கத்து நகரத்தில் குற்றமே இல்லை.

"ஏழைக்குச் சோறு போடாதே" என்று எந்த நகரமும் வெளிப்படையாக எழுதாது. எழுதிப் பார்த்த ஊர் லாஸ் வேகஸ். 2006இல் வந்த அந்தச் சட்டம், பூங்காவில் வறியவர்களுக்கு உணவு தரக்கூடாது என்றது. வறியவர் யார்? அரசு உதவி பெறத் தகுதியுள்ளவர் என்று ஒரு சாதாரண மனிதர் பார்த்தவுடன் கருதக்கூடியவர். அதாவது, ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். சட்டை கொஞ்சம் அழுக்காக இருந்தால் போதும் போலிருக்கிறது! 2007இல் ஃபெடரல் நீதிமன்றம் அதை அமல்படுத்தத் தடை விதித்தது.

மற்ற நகரங்கள் அந்தத் தவறைச் செய்யவில்லை. ஆளை விட்டுவிட்டு இடத்தையும் எண்ணிக்கையையும் பிடித்துக்கொண்டன. ஆர்லாண்டோவின் 2006 சட்டப்படி, நகர மண்டபத்தைச் சுற்றி 2 மைல் வட்டாரத்தில் உள்ள பூங்காக்களில் 25 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு உணவளிக்க பர்மிட் வேண்டும். ஒரு பூங்காவுக்கு ஒரு குழுவுக்கு ஆண்டுக்கு இரண்டு பர்மிட்தான். ஹூஸ்டனில் 2012 முதல், 5 பேருக்கு மேல் உணவு கொடுக்க இட உரிமையாளரின் அனுமதி தேவை. பொது இடம் என்றால் உரிமையாளர் நகரமே. ஃபோர்ட் லாடர்டேலின் 2014 சட்டம் வீடுகளிலிருந்து 500 அடி தள்ளி நிற்கச் சொன்னது. நகர வரைபடத்தில் அந்த வட்டங்களை வரைந்து பார்த்தால் மிச்சமிருக்கும் இடம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். சான் டியேகோவை ஒட்டிய எல் கஹோன் 2017இல் ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் தொற்றின் பரவலைக் காரணம் காட்டித் தடை போட்டது. தடையை மீறிப் பூங்காவில் உணவு கொடுத்த சுமார் ஒரு டஜன் பேருக்கு 2018 ஜனவரியில் சம்மன் போனது.

நகரங்களின் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். குப்பை சேர்வது உண்மை. திறந்தவெளியில் சமைத்த உணவு கெட்டுப்போகலாம். பூங்காவுக்கு வரத் தயங்கும் குடும்பங்களும் உண்டு. ஆனால் இந்தக் கவலைகள் எல்லாக் கூட்டத்துக்கும் பொருந்த வேண்டும் அல்லவா? அரிசோனாவின் புல்ஹெட் சிட்டியில் 2022இல் 78 வயதுப் பெண்மணி ஒருவர், வீட்டில் சமைத்ததைப் பூங்காவில் கொடுத்ததற்காகக் கைது செய்யப்பட்டார். அதே பூங்காவில் நண்பர்களைக் கூட்டி விருந்து வைத்தால் அந்தச் சட்டம் தொடாது. அதே சோறு, அதே மேசை. தர்மம் என்றால் குற்றம், பார்ட்டி என்றால் சரி. எதிர்ப்பவர்கள் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான்: விதிவிலக்குகள் எழுதியிருக்கும் பத்தி.

நீதிமன்றத்தில் எதிர்ப்பதற்கு இதுவரை இரண்டு வழிகள் நன்றாகப் பலித்திருக்கின்றன. ஒன்று மத உரிமை. ஃபிலடெல்ஃபியாவில் 2012இலும் டல்லாஸில் 2013இலும் உணவளிப்பது தங்கள் வழிபாட்டின் பகுதி என்று வாதாடிய கிறிஸ்தவ அமைப்புகள், அந்தந்த மாநிலத்தின் மதச் சுதந்திரச் சட்டங்களை வைத்து வென்றன. ஒரிகன் மாநிலத்தின் புரூக்கிங்ஸ் என்ற சிற்றூரில், தேவாலயம் வாரத்துக்கு இரண்டு நாள்தான் உணவளிக்கலாம் என்று விதித்தார்கள். 2024இல் நீதிமன்றம் தேவாலயத்தின் பக்கம் நின்றது.

இன்னொன்று பேச்சுரிமை. சோறு போடுவது பேச்சா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. 1980இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய 'ஃபுட் நாட் பாம்ஸ்' என்ற இயக்கம், போருக்குப் போகும் பணம் உணவுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பரிமாறும். மேசையில் சைவ உணவு, மேலே பேனர், யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து சாப்பிடலாம். ஃபோர்ட் லாடர்டேல் கிளை தொடுத்த வழக்கில், இது கருத்தை வெளிப்படுத்தும் செயல், அரசியலமைப்பின் முதல் திருத்தம் இதைக் காக்கிறது என்று ஃபுளோரிடாவும் அடங்கிய 11ஆவது வட்டாரத்தின் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் சொன்னது. 2021இல் அதே நீதிமன்றம், அந்தக் குழுவுக்கு எதிராக நகரம் பயன்படுத்திய பூங்கா விதி செல்லாது என்றது. முக்கியக் குறை, அனுமதி தருவதா மறுப்பதா என்பதற்கு எந்த அளவுகோலும் அந்த விதியில் இல்லை, எல்லாம் அதிகாரிகளின் இஷ்டம்.

ஆனால் 2011இல் இதே நீதிமன்றம் ஆர்லாண்டோவின் சட்டத்தைச் செல்லும் என்று விட்டுவிட்டது. அங்கே எண்ணிக்கை, இடம், பர்மிட் கணக்கு எல்லாம் எழுத்தில் இருந்தன. ஒரு பூங்காவில் ஆண்டுக்கு இரண்டு முறைதான் என்றாலும் வேறு பூங்காவுக்கு மாறிக்கொள்ளலாம். ஆகவே "பேச்சுரிமை" என்று சொல்லிவிட்டால் போதாது. விதி எவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது, மாற்று இடம் உண்மையில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

நிறையப் பேர் குழப்பிக்கொள்ளும் இன்னொரு சட்டம் உண்டு. 1996இல் வந்த பில் எமர்சன் நல்ல சமாரியர் உணவு நன்கொடைச் சட்டம். தொண்டு அமைப்புக்கு நல்லெண்ணத்தில் நன்கொடையாகக் கொடுத்த உணவால் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால், பெரிய அலட்சியம் இல்லாத பட்சத்தில், கொடுத்தவரை இந்தச் சட்டம் காக்கும். பர்மிட் இல்லாமல் பூங்காவில் பரிமாறியதற்கு வரும் சம்மனுக்கு இது கேடயம் ஆகாது.

சரி, உங்கள் நகர மன்றத்தில் இப்படி ஒரு வரைவு வருகிறது என்றால் என்ன செய்வது? வாக்கெடுப்புக்கு முன் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம்தான். அந்த நேரத்தை மனிதாபிமான உரைக்குச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. கேள்வியாகக் கேளுங்கள். பிறந்தநாள் விருந்துக்கு இது பொருந்துமா? பர்மிட்டுக்கு எவ்வளவு கட்டணம், எத்தனை நாளில் பதில், மறுத்தால் யாரிடம் முறையிடுவது? பூங்காவில் வேண்டாம், இலவச உணவு தரும் சமையல்கூடத்துக்குள் போய்ச் சாப்பிடலாம் என்கிறீர்களே, அது ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா? பதில்கள் கூட்டப் பதிவில் ஏறும். பின்னால் வழக்கு வந்தால் வழக்கறிஞர் தேடுவது அதைத்தான்.

சம்மன் வந்துவிட்டால் அந்த இடத்தில் போலீஸோடு வாதாடிப் பயனில்லை. காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். தொகை சின்னதுதானே என்று உடனே கட்டிவிடவும் வேண்டாம், கட்டுவது பல இடங்களில் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஹூஸ்டனில் 2023இல் நகரம் தன் சட்டத்தைக் கடுமையாக அமல்படுத்தியது. நூலக வாசலில் பரிமாறாதே, போலீஸ் கட்டடம் ஒன்றின் பார்க்கிங்கில் பரிமாறு என்றது. அங்குள்ள ஃபுட் நாட் பாம்ஸ் தொண்டர்கள் நூலக வாசலை விடவில்லை, சம்மன்கள் குவிந்தன. அபராதம் கட்டாமல் விசாரணைக்குப் போன முதல் தொண்டரை அந்த ஜூலையில் ஜூரி விடுவித்தது. 2024 பிப்ரவரியில் அந்தச் சட்டத்தை அமல்படுத்த ஃபெடரல் நீதிபதி இடைக்காலத் தடையும் விதித்தார்.

அப்புறம், அங்கே இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தையின் பிறந்தநாளுக்கு எலுமிச்சைச் சாதம் கட்டி எடுத்துப்போய் வெளியே கொடுக்க நினைத்தால், முதல் நாளே நகரப் பூங்காத் துறைக்கு ஒரு போன் போட்டு எத்தனை பேர் வரை பர்மிட் தேவையில்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள். விசாவில் இருப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள், சின்ன வழக்குகூடப் பின்னால் விண்ணப்பப் படிவத்தில் எழுத வேண்டியதாகிவிடும்.