அக்வாதெர்மோலிசிஸ்: பாதாளத்தில் ஒரு வெந்நீர் வேலை

வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்கு இந்தச் சொல்லின் பாதிப் பொருள் ஏற்கெனவே தெரியும். அடுப்பில் இருக்கும்வரை பாகு கரண்டியிலிருந்து நூலாக இறங்கும். இறக்கி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துத் திரும்பினால், கரண்டி அதிலேயே நட்டு வைத்ததுபோல் நிற்கும். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், அத்தபாஸ்கா மணலுக்குள் கிடக்கும் எண்ணெயின் குணமும் இதுதான். நீராவியை உள்ளே செலுத்தினால் இளகி ஓடிவரும். மேலே வந்து ஆறினால் மறுபடி இறுகும். குழாய் வழியே அனுப்ப வேண்டுமானால் மெல்லிய எண்ணெயைக் கலந்தாக வேண்டும். இவ்வகை எண்ணெயைச் சிலர் 'கனரக எண்ணெய்' என்று எழுதுகிறார்கள். கனரகம் லாரிக்குப் பொருந்தும். எண்ணெய்க்குக் 'கன எண்ணெய்' போதும்.

நீராவி வெறுமனே இளக்குவதோடு நிற்பதில்லை, எண்ணெயின் மூலக்கூறுகளையும் சற்றே உடைக்கிறது என்று 1980களின் தொடக்கத்தில் ஹைன் என்ற வேதியியலரின் குழு கனடாவில் காட்டியது. அந்த வினைக்குக் கிடைத்த பெயர்தான் அக்வாதெர்மோலிசிஸ். 'அக்வா' லத்தீன், நீர். 'தெர்மோ' கிரேக்கம், வெப்பம். 'லிசிஸ்' என்பதும் கிரேக்கமே, அவிழ்த்தல், தளர்த்தல். தலை ஒரு மொழி, உடல் இன்னொரு மொழி. கிரேக்கத்திலேயே நீருக்கு 'ஹைட்ரோ' இருக்க, லத்தீனிடம் ஏன் போனார்கள்? 'ஹைட்ரோலிசிஸ்' என்ற பெயரை முன்பே வேறொரு வினை எடுத்துக்கொண்டுவிட்டது என்பதால் இருக்கலாம். இது என் ஊகம்.

அவிழ்வது எது? கன எண்ணெயில் அஸ்பால்டீன் என்னும் பருத்த மூலக்கூறுகள் உண்டு. அவற்றின் கரி (கார்பன்) துண்டுகளை ஆங்காங்கே கந்தக அணுக்கள் பாலம்போல் இணைத்துப் பிடித்திருக்கும். 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூட்டில், நீரின் முன்னிலையில், முதலில் அறுவது இந்தக் கரி-கந்தகப் பிணைப்பு. அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வெளியேறும். கூடவே பிறக்கும் கார்பன் மோனாக்சைடு நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனைத் தரும். அந்த ஹைட்ரஜன் அறுந்த முனைகளில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாவிட்டால் அறுந்தவை மறுபடி ஒன்றோடொன்று சேர்ந்து, எண்ணெய் பழையபடி பாகாகிவிடும். சூடு தரும் இளக்கம் ஆறினால் போய்விடும். பிணைப்பு அறுந்து வரும் இளக்கம்தான் நிலைக்கும்.

நீராவி மட்டும் செய்தால் இந்த வேலை மந்தமாக நடக்கும். நிக்கல், இரும்பு, மாலிப்டினம் போன்ற உலோகங்களை வினையூக்கியாக உள்ளே அனுப்புவது அதற்காகத்தான். வினையூக்கிக்கு மேலை மொழிகளில் உள்ள 'கேட்டலிஸ்ட்' என்ற பெயருக்குள்ளும் அதே 'லிசிஸ்' ஒளிந்திருக்கிறது. 1835இல் சுவீடனின் பெர்சிலியஸ் 'கட்டா', 'லிசிஸ்' என்ற இரண்டையும் சேர்த்து 'கேட்டலிசிஸ்' என்றார். கட்டவிழ்த்தல் என்ற கருத்து. ஜப்பானியர் 'ஷொகுபாய்' என்கிறார்கள். அதன் இரண்டாம் எழுத்து கல்யாணத் தரகரைக் குறிப்பது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'வினையூக்கி', 'வினைவேகமாற்றி' இரண்டும் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் சுருக்கமாக 'ஊக்கி'. எனக்கு இலங்கைச் சொல்தான் பிடிக்கும், வாய்க்கு எளிது. ஆனால் ஊக்கி என்றதும் அது தன் ஆற்றலைக் கொடுத்துத் தள்ளுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. வினை ஏற வேண்டிய மேட்டைத் தாழ்த்துவது மட்டுமே அதன் பணி.

இந்த ஊக்கியை நானோ அளவில், அதாவது கண்ணுக்கே தெரியாத மிகச் சிறு துகள்களாக அனுப்புவதுண்டு. ஏன்? பாறையின் நுண்துளைகளில் அடைத்துக்கொள்ளாமல் எண்ணெய் இருக்கும் இடம்வரை அது போய்ச் சேர வேண்டும். பரப்பும் ஒரு காரணம். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் வெளிப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்தான். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர், சென்னை மனைக் கணக்கில் இரண்டரை கிரவுண்டுக்கு மேல். 'நானோஸ்' என்றால் கிரேக்கத்தில் குள்ளன். தமிழில் அதற்கு நேர்சொல் 'குறள்'. இருசீர் அடியைக் குறளடி என்பதும் அந்தக் குறுமையால்தான். ஆனாலும் 'குறள்துகள்' என்று எழுதினால் வாசகர் திருவள்ளுவரைத் தேடுவார். 'நானோதுகள்' இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி அக்வாதெர்மோலிசிஸ் என்ற முழுச் சொல்லுக்குத் தமிழ் தேடுவோம். மின்னாற்பகுப்பு, நீராற்பகுப்பு என்று நம்மிடம் ஒரு வார்ப்பு தயாராக இருக்கிறது. அதில் ஊற்றினால் 'நீராவியாற்பகுப்பு' வரும். முதலில் அதைத்தான் குறித்து வைத்திருந்தேன். பிறகு ஒன்று உறுத்தியது. பூமிக்கடியில் அழுத்தம் போதுமான அளவு இருந்தால் 240 டிகிரியிலும் நீர் ஆவியாகாமல் நீராகவே இருக்கும். இந்த வினை அந்த நீரிலும் நடக்கும். 'நீர்வெப்பப் பகுப்பு' பிழையில்லை, ஆனால் உறுப்பு உறுப்பாக மொழிபெயர்த்த களைப்பு அதில் தெரிகிறது. அக்வா, தெர்மோ இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கி நாம் தினமும் புழங்கும் சொல் ஒன்று உண்டு: வெம்மை சேர்ந்த நீர், வெந்நீர். ஆகவே 'வெந்நீர்ப் பகுப்பு'. குளியலறை வாடை அடிக்கிறது என்பவர்கள் இரண்டு முறை சொல்லிப் பார்க்கட்டும். ஊக்கியையும் சேர்க்க வேண்டிய இடத்தில் 'ஊக்கிவழி வெந்நீர்ப் பகுப்பு' என்று எழுதலாம்.